கர்ணனுக்காக அழும் ஊர்

வட தமிழகத்தின் பல ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிப்போனால், கருமாதிக்கு முந்தின இரவு கூத்து விடுவார்கள். என்ன கூத்து என்று யாரும் கேட்பதில்லை. கர்ண மோட்சம்தான். பாரதத்தில் சாவுக்கா பஞ்சம்? அம்புப் படுக்கையில் கிடந்து நாள் பார்த்துப் போனவர் பீஷ்மர். பதினாறு வயதில் சக்கர வியூகத்துக்குள் சிக்கி மடிந்தவன் அபிமன்யு. அவர்களையெல்லாம் விட்டுவிட்டுத் துக்க வீட்டுக்கென்று ஊர் தேர்ந்தெடுத்தது கர்ணனை.

தருமபுரி, சேலம் பக்கத்துக் கூத்துக்காரர்களிடம் காரணம் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்: அவன் இல்லையென்று சொல்லாதவன், சாகிற நேரத்தில் பெருமாளைக் கண்ணாரக் கண்டவன், அவன் கதை கேட்ட ஆன்மாவுக்கும் நல்ல கதி கிடைக்கும். அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருப்பதாக நினைக்கிறேன். உயிரோடு இருக்கும்போது ஒருவனிடம் சொல்லியிருக்க வேண்டியதை, அவன் செத்தபின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொல்லி அழுவதுதான் அந்தக் கூத்தின் கடைசிக் காட்சி. துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறவர்களில், போனவரிடம் ஒரு வார்த்தையாவது பாக்கி வைக்காதவர் யார்?

இதே கூத்து கோயில் திருவிழாவிலும் உண்டு. பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் வட்டாரங்களில் கோடைக்காலம் வந்தால் ஏதாவது ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். திரௌபதி அம்மன் கோயில் என்றும் தருமராஜா கோயில் என்றும் சொல்வார்கள். பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை என்று நாளுக்கு ஒரு கூத்து. கடைசி நாளன்று வெட்டவெளியில் களிமண்ணால் துரியோதனனை ஆளைவிடப் பல மடங்கு பெரிதாகப் படுக்கப் போட்டு, வீமன் தொடையில் அடித்து, திரௌபதி கூந்தல் முடிந்து, அன்று மாலை தீமிதியோடு முடியும். கர்ண மோட்சம் அந்தப் படுகளத்துக்குச் சற்று முன்னால் வருவது. அதாவது, கர்ணனால் சபையில் இழிவாகப் பேசப்பட்டவளின் சன்னதிக்கு எதிரிலேயே கர்ணனுக்காக ஊர் அழுகிறது. இதை முரண் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தப்பு செய்தவனின் தப்பையும் மறக்காமல், அவனுக்காக அழவும் தெரிந்த சனங்கள் இவர்கள். ஊரைக் காக்கப் போய் மாண்டவனுக்குக் கல் நட்டுக் கும்பிட்ட மண் இது. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

கூத்தின் கட்டுமானத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கர்ண மோட்சத்தின் வலி கதையில் மட்டும் இல்லை, கதையைக் கட்டியிருக்கும் முறையிலும் இருக்கிறது.

இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். ஆர்மோனியமும் மத்தளமும் முகவீணையும் ஏறிக்கொண்டே போகும். திரைக்குப் பின்னாலிருந்தே வேடக்காரர் விருத்தம் பாடுவார். கிரீடமும் புஜக்கட்டையும் திரைக்கு மேலே அசையும். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் அவரை யாரென்று விசாரிப்பான். அவர் தன் பெயரை, நாட்டை, குலத்தை, பெருமையைச் சொல்லியாக வேண்டும். இது எல்லா ராஜ வேடங்களுக்கும் பொதுவான வரவு முறை. துரியோதனனுக்கும் அர்ச்சுனனுக்கும் அது வெறும் முழக்கம். கர்ணனுக்கோ அந்தக் கேள்விதான் வாழ்க்கை முழுக்க அவனைத் துரத்திய கேள்வி. அத்தினாபுரத்து அரங்கில் அர்ச்சுனனோடு வில்லெடுத்து நிற்க வந்தபோது கிருபர் அதைத்தான் கேட்டார். யார் மகன்? அன்று அவன் தலை குனிந்தான். கூத்தின் இலக்கணமே அந்தக் கேள்வியைக் கூத்துக் களரிக்கு நடுவில் மறுபடி கொண்டுவந்து வைத்துவிடுகிறது. கட்டியங்காரன் நம் ஊர்ப் பேச்சில் சாதாரணமாகத்தான் கேட்கிறான். அதன் விடை அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும், கர்ணனுக்கும் இப்போது தெரியும்.

துரோணர் விழுந்தபின், பதினாறாம் நாளில் படைத் தலைமை கர்ணனிடம் வருகிறது. கூத்து தொடங்குவது அந்த இடத்தில். அதற்கு முன்பே கண்ணன் தனிமையில் அவனிடம் பிறப்பைச் சொல்லிவிட்டான். குந்தியும் வந்து சொல்லிவிட்டாள். எதிரே நிற்பவர்கள் தம்பிகள் என்று தெரிந்த பிறகுதான் அவன் தேர் ஏறுகிறான்.

சொபோக்ளிசின் ஈடிப்பஸ் நாடகத்தோடு வைத்துப் பார்த்தால் இந்த இடத்தின் கனம் புரியும். கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னால் ஏதென்சில் ஆடப்பட்ட நாடகம் அது. ஈடிப்பசும் பெற்றவர்களால் கைவிடப்பட்ட குழந்தைதான். கணுக்காலைத் துளைத்துக் கட்டி மலையில் எறியச் சொல்லிக் கொடுத்த குழந்தை. ஆனால் அவனுக்குத் தன் பிறப்பு தெரிவது கடைசியில். எல்லாம் செய்து முடித்த பிறகு தெரிகிறது, தெரிந்ததும் கண்ணைக் குத்திக்கொள்கிறான். துயர நாடகம் மனத்தை உலுக்குவதில் மிக வலிமையான கூறுகளில் ஒன்று, தெரியாமை தெளிவாக மாறும் அந்தத் தருணம் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். நம் கூத்தில் அந்தத் தருணம் சண்டைக்கு முன்பே வந்துவிடுகிறது. கர்ணன் அறியாமல் அழிந்தவன் இல்லை. அறிந்தும், உண்ட சோற்றுக்கும் வைத்த நம்பிக்கைக்கும் கட்டுப்பட்டுப் போனவன். விடிய விடியக் கண் விழித்திருக்கும் கூட்டம் அடுத்து என்ன என்று அறிய விழித்திருக்கவில்லை. தெரிந்தே போகிறவன் எப்படிப் போகிறான் என்று பார்க்க விழித்திருக்கிறது.

அப்படிப் போகிறவனை யார் யார் போகவிட்டார்கள் என்பதுதான் நான் பேச வந்த விஷயம்.

குந்திக்கு அவன் மகன் என்று ஆரம்பத்திலிருந்தே தெரியும். அரங்கில் கவசமும் குண்டலமும் பார்த்து அடையாளம் கண்டு மயங்கி விழுந்தாள் என்கிறது பாரதம். மயக்கம் தெளிந்து எழுந்தவள் வாயைத் திறக்கவில்லை. பீஷ்மருக்கும் தெரியும். அம்புப் படுக்கையில் கிடக்கும்போது, நீ குந்தி மகன் என்று எனக்குத் தெரியும் என்று அவரே கர்ணனிடம் சொல்கிறார். அதுவரை அதே வாயால்தான் அவனைச் சபையில் மட்டம் தட்டிக்கொண்டிருந்தார். கண்ணனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆக, பெரியவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்த ஒரு செய்தி, அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய ஆறு பிள்ளைகளுக்கு மட்டும் தெரியவில்லை.

அந்த உண்மை கடைசியில் எப்போது வெளியே வருகிறது? தேவை வந்தபோது. சண்டை நிச்சயமான பிறகு கண்ணன் அவனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சொல்கிறான், பாண்டவர் பக்கம் இழுக்க. பிறகு குந்தி வருகிறாள். வில்லிபுத்தூரார் பாரதத்திலும் அதை ஒட்டிய கூத்திலும் அவள் கேட்டு வாங்கும் வரங்கள் இரண்டு. அர்ச்சுனன் தவிர மற்ற நால்வரையும் கொல்லக் கூடாது. அர்ச்சுனன் மேலும் பாம்புக் கணையான நாகாத்திரத்தை ஒரு முறைக்கு மேல் விடக் கூடாது. ஒரு தாய் தன் தலைப்பிள்ளையை வாழ்க்கையில் முதல்முறையாக மகனே என்று அழைத்த அன்று, அவனுடைய சாவை வாங்கிக்கொண்டு திரும்பினாள். கர்ணனுக்கு இது புரியாமல் இல்லை. புரிந்தும் கொடுத்தான். பதிலுக்கு அவன் கேட்டது என்ன? நான் விழுந்ததும் நீ களத்துக்கு வந்து, எல்லாரும் பார்க்க என்னை மடியில் கிடத்தி, என் மகன் என்று சொல்லி அழ வேண்டும். அவ்வளவே. வாழும்போது கிடைக்காத ஒரு வாக்கியத்தைச் சாவுக்குப் பிறகாவது ஊரறியச் சொல் என்று கேட்டு வாங்குகிறான்.

உண்மை பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பொய் சொல்லாதே என்று அடிக்கவும் செய்கிறோம். உண்மையை அதற்குரிய நேரத்தில் சொல்ல வேண்டும், நமக்கு ஆதாயம் வரும்வரை அதைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதும் குற்றம்தான் என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. குந்தி ஒரு பொய்யும் சொல்லவில்லை. பீஷ்மர் சொன்னதும் பொய் இல்லை. பாரதத்தின் மிகப் பெரிய அநீதிகளில் ஒன்று ஒரு பொய்கூட இல்லாமல் நடந்தேறியிருக்கிறது. குடும்பங்களில் நடப்பதும் இதுதான். அண்ணன் பெயரில் இருக்கும் நிலத்தில் தம்பி உழைப்பு எவ்வளவு என்று அப்பாவுக்குத் தெரியும். படிக்க வைத்தது அக்காவின் கூலிப் பணம் என்று அம்மாவுக்குத் தெரியும். சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல், பங்கு பிரிக்கிற அன்றைக்கோ, கை கால் விழுந்து கஞ்சிக்கு ஆள் தேவைப்படுகிற அன்றைக்கோ சொல்வார்கள். அப்போது அது உண்மையாக இருக்கும், ஆனால் நியாயமாக இருக்காது.

கர்ணனும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. தன் பிறப்பைத் தருமனிடம் சொல்லாதே என்று கண்ணனிடம் கேட்டுக்கொண்டவன் அவன். தெரிந்தால் தருமன் அரசைத் தன்னிடம் கொடுத்துவிடுவான், தான் அதைத் துரியோதனனுக்குக் கொடுத்துவிட நேரும் என்றான். பெருந்தன்மைதான். ஆனால் அந்த மௌனத்துக்கும் விலை பதினெட்டு நாள் யுத்தம். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. துகில் உரிந்த சபையில் திரௌபதியைப் பார்த்து அவன் சொன்ன சொற்கள் கொஞ்சநஞ்சமல்ல. தேர்க்கால் மண்ணில் புதைந்து, தருமப்படி சற்றுப் பொறு என்று அவன் அர்ச்சுனனைக் கேட்கும்போது, அன்று அந்தத் தருமம் எங்கே போயிருந்தது என்று கண்ணன் திருப்பிக் கேட்பதாக வியாசர் எழுதுகிறார். கர்ணனிடம் பதில் இல்லை. குலத்தைச் சொல்லி இழிவுபட்டவன், வாய்ப்பு வந்தபோது ஒரு பெண்ணை இழிவுபடுத்தினான். பட்ட அவமானம் மனிதனை இளக்கும் என்று நிச்சயமில்லை, இறுக்கவும் செய்யும் என்பதற்கு அவனே சாட்சி.

கூத்தில் எனக்கு மிகவும் கனமான பகுதி பொன்னுருவியிடம் அவன் விடைபெறும் இடம். வடமொழி பாரதத்தில் இல்லாத, தமிழ் வாய்மொழியும் கதைப்பாடலும் வளர்த்தெடுத்த மனைவி அவள். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்ற குமைச்சல் உள்ளவள். ஊர் வெளியே கேட்ட கேள்வி அவனுக்கு வீட்டுக்குள்ளேயும் இருந்தது. போருக்குப் புறப்படுகிற அன்றுதான் கர்ணன் தன் பிறப்பைச் சொல்கிறான். அவள் உடைந்து போகிறாள், போகாதே என்று தடுக்கிறாள். பெண் வேடம் கட்டிய நடிகர் களரியைச் சுற்றிச் சுற்றி வந்து அழ, பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாட, முந்தானையால் கண் துடைக்காத பெண்கள் குறைவு. நானும் கலங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் காட்சியை யோசித்துப் பார்த்தால் ஒரு சங்கடம் வருகிறது. அவளுக்கு அவன் மேல் அன்பு பொங்கியது, அவன் ராஜகுலம் என்று தெரிந்த பிறகு. உண்மையிலேயே அதிரதன் என்ற தேரோட்டிக்கும் ராதைக்கும் பிறந்தவனாகவே இருந்திருந்தால்?

இந்தக் கேள்வி பொன்னுருவிக்கு மட்டுமல்ல, பார்க்கிற நமக்கும்தான். மறைந்திருந்த பிறப்பு வெளிப்படுவது பழைய நாடகங்கள் பலவற்றிலும் உள்ள உத்தி. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஐயோ, சத்திரியனைப் போய்த் தேரோட்டி மகன் என்றார்களே என்று நம் இரக்கம் சுளுவான வழியில் போய்விடும். தேரோட்டி மகன் என்று சொன்னதில் என்ன இழிவு என்று கேட்காமலே விடிந்துவிடும்.

1964இல் பி.ஆர். பந்துலு இயக்கிச் சிவாஜி கணேசன் நடித்த கர்ணன் படம் 2012 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டுத் தமிழகமெங்கும் மறுபடி திரைக்கு வந்தது. நூறு நாளைத் தாண்டி ஓடியது. பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போய் உட்கார வைத்துத் தாத்தா பாட்டிகள் அழுதார்கள். அதே 2012ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று, தருமபுரிக்குப் பக்கத்தில் நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் தாக்குதலுக்கு ஆளாயின. காரணம், சாதி மாறி நடந்த ஒரு கல்யாணம். யார் மகன் என்ற அதே கேள்வி. கர்ணனுக்காக அழுத கண்ணும் இதைச் செய்த கையும் ஒரே மண்ணில் இருந்தன என்பதை நினைக்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. கூத்தையும் படத்தையும் குறை சொல்லவில்லை. பார்க்கிற இடத்தில் நாம் அழுகையோடு நின்றுவிடுகிறோம். கேள்வியை வீட்டுக்கு எடுத்துவருவதில்லை.

குந்தியையும் எளிதில் தள்ளிவிட முடியாது. கல்யாணமாகாத சிறு பெண். விளையாட்டாகச் சொன்ன மந்திரம் பலித்துவிட்டது. பெற்ற பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விடச் சொன்னது எது? ஊர் என்ன சொல்லும் என்ற பயம். அந்தப் பயத்தைத் தந்தவர்கள் தங்கள் பங்கை ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. வியாசர் பாரதத்தில், யுத்தம் முடிந்து மாண்டவர்களுக்கு நீர்க்கடன் கழிக்கிற இடத்தில்தான் குந்தி பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்கிறாள்: கர்ணனுக்கும் நீர் விடுங்கள், அவன் உங்கள் அண்ணன். கருமாதி வீட்டில் வெளிவந்த உண்மை. தருமன் ஆற்றாமையில், இனிப் பெண்களிடம் ரகசியம் தங்காமல் போகட்டும் என்று சபித்தான். தருமத்தின் பெயர் கொண்டவன் சொல்லக் கூடிய சொல்லா அது? ஒரு பெண்ணை வாய் மூடவைத்த உலகத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அந்த உலகம் நம் பக்கத்தில் முந்தாநாள் வரை இருந்தது. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001இல் அது தருமபுரிக்கும் விரிந்தது. வளர்க்க முடியாத குழந்தையைக் கொல்ல வேண்டாம், இங்கே விட்டுவிட்டுப் போ, யார் என்று கேட்க மாட்டோம் என்று சொல்லி அரசே தொட்டில் வைத்தது. குழந்தையை விட்டுவிடச் சொல்லலாமா என்று அன்றே பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தத் தொட்டிலில் பிழைத்த உயிர்கள் உண்டு. குந்தியின் காலத்தில் ஆறுதான் இருந்தது. தொட்டிலில் பிள்ளையைக் கிடத்திவிட்டு இருட்டில் நடந்துபோனவளை நாம் பாவி என்கிறோம். அவளை அங்கே வரவழைத்த வரதட்சணையும் மாமியார் பேச்சும் கணவனின் முகச்சுளிப்பும் தொட்டில் பக்கத்தில் வந்து நிற்பதில்லை, ஆகவே அவற்றை யாரும் எதுவும் கேட்பதில்லை.

மறுபடி களரிக்கு. கர்ணனுக்குத் தேரோட்ட வந்த சல்லியன் தேரை விட்டு இறங்கிப் போய்விட்டான். நாகாத்திரம் அர்ச்சுனன் கிரீடத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. உடம்பெல்லாம் அம்பு. ஆனாலும் உயிர் போகவில்லை. செய்த தருமம் காத்து நிற்கிறது. கண்ணன் கிழப் பிராமணனாக வந்து அந்தப் புண்ணியத்தையே யாசகம் கேட்கிறான். கர்ணன் தன் குருதியையே நீராக வார்த்துக் கொடுக்கிறான். என்ன வரம் வேண்டும் என்று கேட்டால், இனி ஒரு பிறவி வந்தால் இல்லையென்று சொல்லாத மனம் வேண்டும் என்கிறான். அர்ச்சுனன் கடைசி அம்பை விடுகிறான். குந்தி ஓடிவருகிறாள். மடியில் எடுத்துக்கொள்கிறாள். வாக்குக் கொடுத்தபடி என் மகனே என்று கதறுகிறாள். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் இது நடக்கும்.

இந்த இடத்தில் நான் எப்போதும் ஒருத்தியைத் தேடுகிறேன். ராதையை. நான் பார்த்த கர்ண மோட்சங்களில் அவள் வந்ததே இல்லை. ஆற்றில் வந்த பெட்டியைத் திறந்து, யார் பிள்ளை என்று கேட்காமல் எடுத்தவள். எடுத்ததும் அவளுக்குப் பால் சுரந்தது என்று கர்ணனே கண்ணனிடம் சொல்கிறான். என் மலமூத்திரம் எடுத்தவளை விட்டு எப்படி வருவேன் என்று கேட்கிறான். பூமியே கிடைத்தாலும் வர மாட்டேன் என்கிறான். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் துரியோதனன் சோற்றைப் பற்றியே பேசுகிறோம். அதற்கு முன்னால் அவன் உண்டது ராதை சோறு. பிறப்பால் வந்த பெயர்கள் எத்தனையோ இருக்க, ராதேயன் என்று வளர்த்தவள் பெயரைச் சுமந்தே வாழ்ந்தவன் அவன். யார் மகன் என்ற கேள்விக்கு அவன் வாழ்நாளெல்லாம் கொடுத்துவந்த பதில் அது. நாம்தான் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூத்துப் பிரதி ஒரே நிலையில் நின்ற ஒன்றல்ல. பொன்னுருவியை உள்ளே கொண்டுவந்தது தமிழ்க் கலைஞர்கள்தான். குந்தியின் மடிக்காட்சிக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு பாட்டு இருக்கிறது. வாத்தியார்கள் தேவைக்கு ஏற்பத் தரு என்னும் பாட்டுக் கட்டிச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆகவே தருமபுரிச் சீமையில் கூத்துக் கட்டும் வாத்தியார்களிடம் ஒரு விண்ணப்பம். ராதைக்கு ஒரு வேடம் கொடுங்கள். பெரிய வேடம் வேண்டாம், புஜக்கட்டை கட்டவும் வேண்டாம், நூல் புடவை போதும். குந்தி வருவதற்கு முன்னால் அவள் களத்துக்கு வரட்டும். கட்டியங்காரன் வழக்கம்போல விசாரிக்கட்டும்: நீ யாரம்மா, செத்தவனுக்கு என்ன வேணும்? அவள் பாடுவதற்குப் பாட்டைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பெற்ற பிள்ளையும் வளர்த்த பிள்ளையும் வேறில்லை என்று சொல்லி ஒப்பாரி வைக்கத் தெரிந்த கிழவிகள் பென்னாகரத்திலும் அரூரிலும் ஊருக்கு இரண்டு பேராவது இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். அடுத்த பங்குனிக்குள் கட்டிவிட முடியும்.